சிவப்புக் கோடு பச்சையாகும் விதம்

சாலை வரையும் சாஃப்ட்வேரில் ஒரு சோதனை உண்டு. திரையில் தெரியும் சாலையின் மீது ஒரு டிரைவரின் கண்ணை வைப்போம். தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில். அதற்கு முன்னால் சாலையில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பொருள். லாரியிலிருந்து விழுந்த கட்டையாக இருக்கலாம், பஞ்சரான வண்டிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு யாரோ எடுக்க மறந்த கல்லாக இருக்கலாம், படுத்திருக்கும் நாயாகவும் இருக்கலாம். கண்ணிலிருந்து பொருளுக்கு கம்ப்யூட்டர் ஒரு நேர்கோடு இழுக்கும். நடுவில் மேடோ, மலைச்சரிவோ, சுவரோ குறுக்கிட்டால் கோடு சிவப்பு. தடையில்லை என்றால் பச்சை. பிறகு கண் பத்து மீட்டர் முன்னே நகரும். மறுபடி ஒரு கோடு. இப்படியே சாலை முழுவதையும் கடந்து, எந்தெந்த இடத்தில் டிரைவருக்குப் போதுமான தூரம் தெரியவில்லை என்ற பட்டியலைக் கொடுத்துவிடும். நீளமான சாலை என்றாலும் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

புனேயில் உட்கார்ந்து பல வருடங்களாக இந்தக் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் என்னைப் போன்றவர்கள் நிறைய. கார் செய்பவர்கள், காரைச் சோதிப்பவர்கள், கார் ஓடும் சாலையை வரைபவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். 1854ல் தொடங்கிய என்ஜினீயரிங் கல்லூரி இங்கே இருக்கிறது. வாகன ஆராய்ச்சிச் சங்கம் 1966லிருந்தும், போசரியில் மத்திய சாலைப் போக்குவரத்துப் பயிற்சி நிறுவனம் 1967லிருந்தும் இயங்குகின்றன. இத்தனை பேர் இருந்தும் ஊரின் வாசலிலேயே நாட்டின் பெயர்பெற்ற விபத்து இடங்களில் இரண்டு இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கோடு.

கம்ப்யூட்டருக்கு முன்பும் இந்தச் சோதனை இருந்தது. மேடு பள்ளத்தைக் காட்டும் நெடுக்கு வெட்டுப் படத்தின் மீது கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டே போவார்கள். அதில் 1.2 மீட்டருக்கு ஒரு கோடு, 0.15 மீட்டருக்கு ஒரு கோடு கிழித்திருக்கும். வளைவுகளுக்குத் தனியாக, மேலிருந்து பார்க்கும் படத்தில் ஸ்கேல் வைத்து அளப்பார்கள். கண் வலிக்கும் வேலை. அதனால் முக்கியமான இடங்களில் மட்டும் செய்வார்கள். அதில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. மேட்டைத் தனியாகவும் வளைவைத் தனியாகவும் பார்த்தால் இரண்டும் தேறிவிடும். மேட்டின் உச்சியிலேயே வளைவும் வந்தால் இரண்டும் கூட்டுச் சேர்ந்து டிரைவரின் கண்ணை மறைக்கும். காகிதத்தில் அது தெரியாது. கம்ப்யூட்டர் நிலத்தை முப்பரிமாணத்தில் வைத்துக்கொண்டு கோடு இழுப்பதால் அந்த ஓட்டை அடைபட்டது. சாஃப்ட்வேரின் பெருமையில் இதை மட்டும் நான் மனதார ஒப்புக்கொள்வேன்.

எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும்? இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (கட்சி அல்ல, 1934லிருந்து இருக்கும் என்ஜினீயர்கள் அமைப்பு) 1976ல் வெளியிட்ட விதிப் புத்தகத்தில் கணக்கு இருக்கிறது. டிரைவர் பொருளைப் பார்த்து, அது என்ன என்று புரிந்துகொண்டு, என்ன செய்வது என்று முடிவு செய்து, காலைத் தூக்கி பிரேக்கில் வைப்பதற்கு 2.5 வினாடி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்த இரண்டரை வினாடியில் வண்டி 42 மீட்டர் ஓடிவிடும். மூன்றரை பஸ் நீளம். டிரைவர் இன்னும் எதுவுமே செய்யவில்லை. பிரேக் பிடித்த பிறகு டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வால் வண்டி நிற்க இன்னும் 39 மீட்டர். மொத்தம் 81. புத்தகம் இதை 80 என்று முழுமையாக்கிக்கொள்கிறது. 40 கி.மீ. வேகத்துக்கு 45 மீட்டர். 80 கி.மீ.க்கு 120. 100 கி.மீ.க்கு 180. வேகம் இரட்டித்தால் தேவைப்படும் தூரம் இரட்டிப்பதில்லை, அதற்கும் மேலே போகிறது. பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதுதான் காரணம்.

கண் உயரம் 1.2 மீட்டர் என்பதும் வானத்திலிருந்து வந்த எண் அல்ல. அமெரிக்காவில் 1940களில் நாலரை அடி என்று வைத்திருந்தார்கள். கார்கள் தாழத் தாழ எண்ணையும் இறக்கிக்கொண்டே வந்து 1984ல் மூன்றரை அடியில் நிறுத்தினார்கள். சாலையில் கிடக்கும் பொருளின் உயரத்தையோ 4 அங்குலத்திலிருந்து 6 அங்குலத்துக்கும், 2001ல் ஒரேயடியாக 2 அடிக்கும் ஏற்றினார்கள். முன்னே போகும் காரின் பின் விளக்கு தெரிந்தால் போதும் என்பது வாதம். அவர்கள் சாலையில் அது சரியாக இருக்கலாம். நம் சாலையில் கல் கல்லாகவேதான் கிடக்கிறது. 15 சென்டிமீட்டரை மாற்றாமல் வைத்திருப்பதற்கு நம்மவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். மலையைச் சுற்றிப் போகும் ஒரு வளைவு. ஆரம் 200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் பாறை. டிரைவரின் பார்வைக் கோடு வளைவின் உள்பக்கத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போக வேண்டும். 80 கி.மீ. வேகத்துக்கு உரிய 120 மீட்டர் தெரிய வேண்டுமானால், உள்பக்க வண்டித் தடத்தின் நடுவிலிருந்து சுமார் 9 மீட்டருக்குப் பாறை இருக்கக் கூடாது. 60 கி.மீ. என்றால் 4 மீட்டர் போதும். 40 கி.மீ. என்றால் ஒன்றேகால் மீட்டர். அது தடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு பிடிப் பாறையைக்கூட வெட்ட வேண்டாம்.

80க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் 5 மீட்டர். வளைவு 100 மீட்டர் நீளம், பாறை 15 மீட்டர் உயரம் என்றால் 7,500 கன மீட்டர் கல். சஹ்யாத்ரி மலையின் கல் இளகிய கல் அல்ல. எரிமலைக் குழம்பு உறைந்த தக்காணத்துக் கருங்கல். வெடி வைத்து, உடைத்து, லாரியில் ஏற்றி, கொட்டுவதற்கு இடம் தேடி, நடுவில் வனத்துறையின் அனுமதிக்காகக் காத்திருந்து... செலவுக் கணக்கைப் பார்த்தவுடன் கூட்டத்தில் இருக்கும் எல்லோருடைய முகமும் மாறிவிடும்.

அப்போது யாராவது ஒருவர் மெல்லிய குரலில் சொல்வார்: “வடிவமைப்பு வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்களேன்.”

இதற்கு விதியிலும் இடம் இருக்கிறது. சமவெளியில் தேசிய நெடுஞ்சாலைக்கு 100 என்றால், மலைப்பகுதியில் 50, குறைந்தபட்சம் 40. செங்குத்தான இடங்களில் 40, குறைந்தபட்சம் 30. அது நியாயமான விதி. மலையில் எல்லா இடத்திலும் நூறு கி.மீ. வேகத்துக்குச் சாலை போட நம்மிடம் பணமும் இல்லை, அத்தனை மலையும் இல்லை. ஆனால் திரையில் அது நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் 80 என்று இருப்பதை அழித்துவிட்டு 60 என்று தட்டினால் சிவப்புக் கோடுகளில் பாதி பச்சையாகிவிடும். மிச்சமிருப்பதற்கு 40. எல்லாம் பச்சை. நிலத்தில் ஒரு கல்லும் நகரவில்லை. வளைவுக்கு முன்னால் “வேக எல்லை 40” என்று ஒரு பலகை போடவேண்டும் என்ற ஒரு வரி மட்டும் அறிக்கையில் புதிதாகச் சேர்ந்திருக்கும்.

சாலைக்கு அந்தப் பலகையைப் படிக்கத் தெரியாது. ஆறு வழி, வழுவழுப்பான மேற்பரப்பு, நல்ல அகலம் என்று பத்து கி.மீ. தூரம் டிரைவரிடம் வேகமாக வா என்று சொல்லிக்கொண்டே வந்த சாலை, பதினோராவது கி.மீ.யில் ஒரு தகரத்தைக் காட்டி இனி நாற்பது என்றால் யார் கேட்பார்கள்? வேக எல்லை 40 என்று எழுதிய மலை வளைவுகளில் நின்று பார்த்திருக்கிறேன். 40ல் போன ஒரு காரும் என் ஞாபகத்தில் இல்லை. உலகெங்கும் சாலை என்ஜினீயர்கள் இதற்காகவே நேரில் வேகத்தை அளப்பார்கள். நூறு வண்டிகளில் எண்பத்தைந்து எந்த வேகத்துக்குள் போகின்றனவோ, அதுவே அந்தச் சாலையின் நிஜ வேகம் என்பது கணக்கு. அந்த எண்ணைப் போட்டுச் சோதனையை மறுபடி ஓட்டினால் பச்சையெல்லாம் திரும்பச் சிவப்பாகிவிடும்.

புனேயிலிருந்து சதாரா போகிறவர்களுக்கு கம்பாட்கி மலைப்பாதை தெரிந்திருக்கும். போகும்போது பழைய பாதையில் ஏறி இறங்க வேண்டும். திரும்பி வரும்போது சுரங்கப்பாதை வழியாக வரலாம். அந்தச் சுரங்கத்தைத் தாண்டிப் புனே பக்கம் இறங்கும் இடத்தில் ஆங்கில எஸ் எழுத்தைப் போல ஓர் இரட்டை வளைவு. நெடுஞ்சாலை வேகத்தில் வரும் வண்டி ஒரு வளைவைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் எதிர்த் திசையில் அடுத்த வளைவு வந்துவிடும். 2018 ஏப்ரலில் கர்நாடகத்திலிருந்து கட்டிட வேலைக்காக வந்துகொண்டிருந்த கூலித் தொழிலாளர்களின் வண்டி ஒன்று அங்கே தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 15 பேருக்கும் மேல். எச்சரிக்கைப் பலகைகள் இல்லாத இடம் அல்ல அது. கடைசியில் அந்த எஸ் வளைவை ஒழிப்பதற்கென்றே மலையைக் குடைந்து புதிய ஆறு வழிச் சுரங்கப் பாதையைப் போட அரசு முடிவெடுத்தது. பலகையால் ஆகாத வேலையைச் சுரங்கம் செய்ய வேண்டியதாயிற்று.

இந்த மலைகளில் சாலை போட்ட முதல் ஆட்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. பம்பாயையும் புனேயையும் இணைக்கும் கண்டாலா மலைப்பாதையைச் சக்கர வண்டிகளுக்காக 1830ல் திறந்துவைத்தார் கவர்னர் ஜான் மால்கம். மாட்டு வண்டிக்குப் பார்வைத் தூரம் எதற்கு? வண்டிக்காரன் தூங்கினாலும் மாடு நின்றுவிடும். அதே ஆண்டு அங்கே கட்டிய கல் பாலம் ஒன்று 190 வருடங்கள் நின்றது. பக்கத்தில் இருந்த விளம்பரப் பலகையால் அதற்கு அமிர்தாஞ்சன் பாலம் என்றே பெயர். சென்னையின் தலைவலித் தைலம் மராட்டிய மலையில் ஒரு பாலத்துக்குப் பெயராகிப் போனது. 2002ல் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை-புனே எக்ஸ்பிரஸ் சாலை அந்தப் பாலத்தின் தூண்களுக்கு இடையே நுழைந்துதான் போனது. நாட்டின் முதல் ஆறு வழி கான்கிரீட் எக்ஸ்பிரஸ் சாலை, மாட்டு வண்டிக் காலத்துத் தூண்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு போனதைப் பல வருடம் பார்த்திருக்கிறோம். 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது, சாலை காலியாகக் கிடந்த நாட்களில், வெடி வைத்துத் தகர்த்தார்கள். பழைய கல் பாலம் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அங்கே நின்றுகொண்டிருந்தது பார்வைக் கோட்டின் குறுக்கே.

அந்த எக்ஸ்பிரஸ் சாலையில் 2016ல் மட்டும் 151 பேர் இறந்தார்கள். அதன்பிறகு ஒரு தன்னார்வ அமைப்பும் மாநிலச் சாலை மேம்பாட்டுக் கழகமும் சேர்ந்து சாலையை அடி அடியாக நடந்து பார்த்தார்கள். தடுப்பு இல்லாத தூண், ஓரத்தில் நிற்கும் லாரி, திறந்து கிடக்கும் நடுத்தடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்ய, எண்ணிக்கை குறைந்தது. டிரைவர்கள் அதே டிரைவர்கள்தான்.

நான் சொன்ன இரண்டு இடங்களில் இன்னொன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது. சதாரா பக்கமிருந்து வரும் நெடுஞ்சாலை புதிய காத்ரஜ் சுரங்கத்தைத் தாண்டியதும் சில கி.மீ. தூரம் இறங்கிக்கொண்டே வந்து நவலே பாலத்தில் நகரத்தின் நெரிசலோடு கலக்கிறது. தமிழ்நாட்டில் தருமபுரி அருகே தொப்பூர் கணவாயைத் தெரிந்தவர்களுக்கு நவலே பாலத்தை விளக்க வேண்டியதில்லை. தொப்பூரில் 2020 டிசம்பரில் ஒரு சிமெண்ட் லாரி வரிசையாக வண்டிகளை இடித்து 4 பேர் இறந்தார்கள். நவலே பாலத்தில் 2022 நவம்பர் 20, ஞாயிறு இரவு ஒரு லாரி இறக்கத்தில் உருண்டு வந்து, இடித்த வண்டிகளைப் போலீஸார் எண்ணி முடிக்கவே நேரம் பிடித்தது. என்ஜினை அணைத்துவிட்டு டீசல் மிச்சம் பிடிக்க உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார் டிரைவர் என்று விசாரணையில் சொன்னார்கள். 2025 நவம்பர் 13 அன்று ஒரு கண்டெய்னர் லாரி. இடையில் சிக்கிய கார் தீப்பற்றியது. 8 பேர் இறந்தார்கள்.

இங்கே பார்வைத் தூரத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இறக்கத்தில் வரும் லாரி டிரைவருக்குக் கீழே நிற்கும் வண்டிகள் நன்றாகவே தெரிகின்றன. அவர் உட்கார்ந்திருப்பது தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேலே. நம் சாஃப்ட்வேர் டிரைவரைவிட அதிகமாகவே தெரியும். இந்த உயரத்தைக் காட்டித்தான் லாரிகளுக்கென்று தனிப் பார்வைத் தூரம் தேவையில்லை என்று காலம்காலமாகச் சொல்லிவருகிறார்கள். மேட்டுக்கு அது பொருந்தும். பாறையை ஒட்டிய வளைவில் எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தாலும் பாறைக்கு அந்தப் பக்கம் தெரியாது. இறக்கத்தில், தெரிவது பிரச்சினையே இல்லை.

ஷிர்வல் அருகே ஒரு தாபாவில் நாமக்கல் லாரி டிரைவர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பம்பாய்ப் பாதையில் பல வருட அனுபவம். தமிழில் பேசியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கண்ணுக்கெல்லாம் தெரியுதுங்க சார். தெரிஞ்சு என்ன பண்றது? பின்னால முப்பது டன் தள்ளுது. நான் மிதிக்கறது அதுக்குத் தெரியோணுமில்லீங்க?”

“நியூட்ரல்ல விடறது ஆபத்துன்னு தெரிஞ்சும் விடறாங்களேண்ணே?” என்று கேட்டேன்.

“டீசலுக்கு மொதலாளி கணக்குக் கேப்பாருங்க. பிரேக்குக்கு யாருங்க கணக்குக் கேக்கறாங்க?” என்றார். தாம் அப்படி விடுவதில்லை என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை.

அலுவலகத்தில் அந்த முப்பது டன்னைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். நிற்கும் தூரத்துக்கான சூத்திரத்தில் வேகத்தின் வர்க்கத்தை ஓர் எண்ணால் வகுக்க வேண்டும். உராய்வு எண்ணிலிருந்து இறக்கத்தின் சரிவைக் கழித்தால் வரும் எண் அது. 60 கி.மீ.க்குப் புத்தகம் தரும் உராய்வு 0.36. சரிவு 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 0.32. அந்தக் கணக்கில் வண்டி நிற்க மொத்தம் 86 மீட்டர் ஆகிறது. சமதளத்தில் 81 மீட்டர். ஐந்து மீட்டர்தானே அதிகம், பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நீண்ட இறக்கத்தில் மிதித்து மிதித்து பிரேக் சூடேறிப் போன லாரிக்கு 0.36 ஏது? பாதிக்கும் கீழே, 0.15 என்று வைத்தால் 171 மீட்டர். 0.06 என்றால் முக்கால் கி.மீ. 0.04க்கு இறங்கிவிட்டால் கழித்து வருவது பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் பதில் தராது. சரியான பதிலும் அதுதான். அந்த வண்டிக்கு எவ்வளவு தூரம் தெரிந்தாலும் நிற்காது. அப்படிப்பட்ட இறக்கங்களில் ஓரத்தில் மேல்நோக்கி ஏறும் ஒரு சரளைப் படுகை வேண்டும், தறிகெட்ட வண்டி அதில் புதைந்து நிற்பதற்கு. பல நாடுகளில் மலைச்சாலைகளில் போட்டு வைத்திருக்கிறார்கள். சாஃப்ட்வேரின் பச்சைக் கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது தேவை என்றே தோன்றாது.

இன்னொரு விஷயம், அரளி. நான்கு வழிச் சாலைகளின் நடுத்தடுப்பில் வரிசையாக அரளி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதிர் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசாமலிருக்க வைப்பது. தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடு கடிக்காது, பூவும் பூக்கும். நல்ல செடி. நேரான சாலையில் அதைப்போல உபகாரி கிடையாது. ஆனால் சாலை வலது பக்கம் வளையும்போது உள்பக்கமாக வருவது நடுத்தடுப்புதான். தடுப்பை ஒட்டி வேகமாக வரும் கார் டிரைவரின் பார்வைக் கோடு அந்த அரளிக்குள் நுழைந்துதான் வெளியே போக வேண்டும். கண் உயரம் 1.2 மீட்டர். நன்றாக வளர்ந்த அரளி அதைப்போல ஒன்றரை மடங்கு. அதற்கு அப்பால் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தால், செடி முடிந்த பிறகுதான் தெரியும்.

வடிவமைக்கும் நாளில் கம்ப்யூட்டரில் இருப்பது மண்ணும் கான்கிரீட்டும்தான். அரளி இல்லை. அரசியல்வாதியின் பிறந்தநாள் பேனர் இல்லை. மழைக்குப் பிறகு சரிவில் இரண்டாள் உயரம் வளரும் புல் இல்லை. வளைவின் உள்பக்கத்தில் டயர் கடை இல்லை, அந்தக் கடைக்காக நிற்கும் லாரி இல்லை. அன்றைக்குச் சுத்தமான நிலத்தில் இழுத்த பச்சைக் கோட்டைக் கோப்பில் கட்டி வைத்துவிடுகிறோம். சாலை திறந்த பிறகு யாரும் மறுபடி அந்தச் சோதனையைச் செய்வதில்லை. செய்ய முடியாது என்பதல்ல. லேசர் கருவியை காரின் தலையில் வைத்து ஓட்டிக்கொண்டு போனால் இலை முதற்கொண்டு கோடிக்கணக்கான புள்ளிகளாகச் சாலை முழுவதும் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடும். அதே கண்ணை, அதே 15 சென்டிமீட்டர் பொருளை அதில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். பள்ளம், விரிசல்களைக் கணக்கெடுக்க இப்படிப்பட்ட வண்டிகள் சாலைகளில் ஓடிக்கொண்டும் இருக்கின்றன. பள்ளத்தைத் தேடும் வண்டியிடம் பார்வைத் தூரத்தையும் கேட்க ஒருவருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

நிலத்தை எடுக்கும்போதே பார்வைக்கும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. வளைவின் உள்பக்கம் 9 மீட்டர் வேண்டுமென்றால் அந்த 9 மீட்டரும் சாலைதான். அதில் தார் இல்லாததால் அது காலி மனை ஆகிவிடாது. ஆனால் கைப்பற்றிய நிலத்தில் எதுவும் கட்டாமல் சும்மா வைத்திருப்பது நம் ஊரில் யாருக்கும் புரியாத காரியம். விளம்பரப் பலகைக்கு வாடகை வருகிறது. பார்வைத் தூரத்துக்கு யார் வாடகை கொடுக்கிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு புதிய பிரிவு வந்தது. அதற்கு முன்பு விபத்து என்றால் டிரைவர் மட்டும்தான். இந்தப் பிரிவின்படி, வடிவமைப்பு விதிகளைக் கடைப்பிடிக்காததால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், வடிவமைப்பு ஆலோசகர் ஆகியோருக்கும் அபராதம் உண்டு. அதிகபட்சம் ஒரு லட்ச ரூபாய். நல்ல தொடக்கம்தான். ஆனால் கட்டத்தில் 80ஐ அழித்து 40 என்று தட்டியவர் எந்த விதியையும் மீறவில்லை. 40க்கு உரிய 45 மீட்டர் தெரிகிறது, பலகையும் இருக்கிறது. 60ல் வந்து மோதியவர்தான் மீறியவர்.

மத்திய அரசு வருடந்தோறும் வெளியிடும் சாலை விபத்துப் புத்தகத்தில் காரணங்களின் பட்டியலில் அதிவேகம்தான் எப்போதும் முதலிடம். அதிவேகமாகப் போகிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். புனேயின் இரவுகளைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் எந்த எல்லையை மீறினால் அதிவேகம் என்பதைச் சில இடங்களில் நிர்ணயித்தது பாறையின் விலை. அந்த விவரம் போலீஸார் நிரப்பும் படிவத்தில் வருவதில்லை. அதற்கு அதில் கட்டமும் கிடையாது.

இப்போதெல்லாம் நான் தயாரிக்கும் அறிக்கைகளில் பார்வைத் தூரத்துக்கு இரண்டு அட்டவணைகள் வைக்கிறேன். முதலாவது, விதிப்படி வடிவமைப்பு வேகத்துக்கு. இரண்டாவது, அந்தச் சாலையில் அல்லது அதைப்போன்ற பக்கத்துச் சாலையில் நேரில் அளந்த வேகத்துக்கு. இரண்டாவதில் சிவப்பு அதிகமாக இருக்கும். ஒவ்வொரு சிவப்புக்கும் எதிரே, எத்தனை மீட்டர் வெட்ட வேண்டும், வெட்ட முடியாவிட்டால் சாலையின் வேகத்தை எங்கிருந்து படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு வரி. ஒரு அலுவலகம் இரண்டாவது அட்டவணையை எடுத்துவிட்டு அறிக்கையைத் திரும்ப அனுப்பச் சொன்னது. கேட்டது முதல் அட்டவணை மட்டும்தானே என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில் ஓய்வு பெற இரண்டு வருடம் மிச்சமிருந்த நிர்வாகப் பொறியாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதினேழு சிவப்புகளில் நான்கை மட்டும் பென்சிலால் சுழித்தார். இந்த நான்குக்கு இந்த வருடம் பணம் கேட்கிறேன், மிச்சத்துக்கு அடுத்த வருடம் வந்து ஞாபகப்படுத்துங்கள் என்றார். நான்கில் இரண்டில் பாறை வெட்டியாகிவிட்டது. ஒன்றில் அரளியைப் பிடுங்கிவிட்டு, கண் கூசாமலிருக்க வேறு ஏற்பாடு செய்யும் வரை புல் போட்டிருக்கிறார்கள். நான்காவது ஒரு கோயில் மதில். அதைப் பற்றிக் கலெக்டர் அலுவலகத்தில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.